கருவியின் வயதும் கேட்கப்படும் அனுபவமும்

ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருள் கட்டமைப்பின் முதல் பதிப்பு 2018 டிசம்பரில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் கொலம்பியாவைச் சேர்ந்த செபாஸ்டியன் ராமிரெஸ். 2020 ஜூலையில் ஒரு வேலைவாய்ப்பு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. ஃபாஸ்ட்ஏபிஐயில் 4 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் வேண்டும் என்றது அது. கருவி பிறந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தனக்கே தகுதியில்லை என்று அவர் ட்விட்டரில் எழுதியது உலகம் முழுக்கப் பரவியது. அதே மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று குபர்நெட்டிஸில் 12 ஆண்டு அனுபவம் கேட்டது. கூகுள் அந்த மென்பொருளை அறிவித்ததே 2014 ஜூனில்தான்.

இவை கணக்குப் பிழைகள். சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத வகை வேறொன்று உண்டு. அதில் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிபந்தனையும் நியாயமாகவே தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் அப்படி ஒரு மனிதர் இருக்க முடியாது என்பது புரியும். இணையதளத்தின் முகப்பும் தெரிய வேண்டும், பின்னால் ஓடும் நிரலும் எழுத வேண்டும், தரவுத்தளம், கிளவுட், சோதனை, பாதுகாப்பு எல்லாம் கைவர வேண்டும், கிளையன்ட்டிடம் நன்றாகப் பேசவும் வேண்டும்; சம்பளம் மட்டும் புதிதாகச் சேருபவருக்கு உரியது. 'ஃபிரஷர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று மேலே போட்டுவிட்டு, 'குறைந்தது 2 ஆண்டு அனுபவம்' என்று கீழே எழுதும் விளம்பரங்களைச் சென்னையில் வேலை தேடிய எவரும் பார்த்திருப்பார்கள்.

ஒரு புதுக் கருவி வரும்போது அதற்கு ஆள் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வி சென்னைக்கு மென்பொருள் நிறுவனங்களோடு வந்ததல்ல. கோடம்பாக்கம் அதை முன்பே சந்தித்துவிட்டது. மூவியோலா இயந்திரத்தில் பிலிமைக் கையால் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த படத்தொகுப்பு அறைகளுக்குள் 1990களின் நடுவில் அவிட் என்ற கணினித் தொகுப்பு முறை நுழைந்தது. இந்தியாவில் அதைப் பயன்படுத்திய முதல் படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1994இல் வெளிவந்த 'மகாநதி'. அவிட் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததே 1989இல்தான். 1994இல் ஆர்க்காடு சாலையில் நின்று, அவிட்டில் 5 ஆண்டு அனுபவமுள்ள எடிட்டர் தேவை என்று யாராவது தட்டி வைத்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். ஒரு காட்சியை எங்கே வெட்டினால் அது உயிரோடு இருக்கும் என்பது தெரிந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். அது கையில் இருந்தால் இயந்திரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம் என்பதே தொழிலின் கணக்கு. தொழிலறிவும் கருவியறிவும் வேறுவேறு என்பதை அந்த அறைகள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டன.

அதே கோடம்பாக்கத்தில், யுனைடெட் இந்தியா காலனியில் அலுவலகம் வைத்திருந்த பென்டாமீடியா கிராஃபிக்ஸ் நிறுவனம் இன்னொரு சான்று. நடிகர்களின் உடலசைவைப் பதிவுசெய்து அதைக் கணினிப் பாத்திரங்களுக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில் உருவான முழுநீளப் படங்களில் முன்னோடி 2000இல் வந்த 'சிந்துபாத்: பியாண்ட் த வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்'. அந்தப் படத்தில் இந்த நிறுவனத்துக்குப் பங்குண்டு. அதே ஆண்டில் 'பாண்டவாஸ்: த ஃபைவ் வாரியர்ஸ்' என்ற முப்பரிமாண அனிமேஷன் படத்தையும் அது தயாரித்தது. அனுபவசாலிகளுக்காகக் காத்திருந்தால் இரண்டு படமும் வந்திருக்காது. வேலையில் சேர்ந்துதான் வேலையைக் கற்க வேண்டியிருந்தது. நிறுவனம் பின்னால் பங்குச் சந்தையில் சரிந்தது என்றாலும், அதற்கு ஆட்களின் அனுபவக் குறைவைக் காரணமாகச் சொல்ல இடமில்லை.

சினிமாவின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சான்றிதழ் கேட்காத தொழில் சிபாரிசு கேட்டது. சம்பளமில்லாத உதவியாளர் ஆண்டுகளையும் சங்கத்தின் உறுப்பினர் அட்டையையும் கேட்டது. மதுரையிலிருந்தோ தேனியிலிருந்தோ வந்தவர் பவர் ஹவுஸ் பஸ் நிறுத்தத்தில் எத்தனை காலம் நின்றார் என்பதுதான் அங்கே அனுபவச் சான்று. எழுதப்பட்ட நிபந்தனை இல்லாத இடத்தில் எழுதப்படாத நிபந்தனை இருக்கும். அந்த அளவில், எழுதி வைத்த தகுதிப் பட்டியலுக்கு ஒரு நியாயம் உண்டு: தெரிந்தவர் யாருமில்லாத விண்ணப்பதாரரும் அதைப் படித்துப் பார்க்கலாம்.

மென்பொருள் தொழில் சென்னையில் தளிர்த்த காலத்திலும் ஆண்டுக் கணக்கு இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. காக்னிசன்ட் 1994இல் இந்த நகரத்தில்தான் தொடங்கியது. தரமணியில் டைடல் பூங்கா 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், 2000ஆம் ஆண்டில் கணினிகளின் தேதிக் கணக்கு குழம்பிவிடும் என்ற அச்சம் கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழிக்கு மறுவாழ்வு கொடுத்தது. 1959இல் வடிவமைக்கத் தொடங்கிய மொழியைச் சில மாத வகுப்பில் கற்றவர்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். தி.நகர், கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்து மாடிகளில் கணினிப் பயிற்சி மையங்கள் பெருகின. அவற்றுள் பெரியதான எஸ்.எஸ்.ஐ. நிறுவனத்தை நடத்திய கல்பாத்தி சகோதரர்கள் பின்னாளில் ஏ.ஜி.எஸ். என்டர்டெயின்மென்ட்டைத் தொடங்கிப் படத் தயாரிப்புக்கு வந்தார்கள். கணினி வகுப்பும் கோடம்பாக்கமும் அவ்வளவு அருகில் இருந்தன. ஆள் பற்றாக்குறை இருந்த காலம் அது. நிறுவனங்கள் கேட்டதும் குறைவு.

பற்றாக்குறை உபரியானபோது நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் வழி திறந்தது. உச்சத்தில் அவற்றின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. பட்டம் பெற்று வெளியே வந்தவர்களின் தரத்தைப் பற்றி நிறுவனங்கள் அஞ்சின. இந்தியப் பொறியாளர்களில் 25 விழுக்காட்டினரே நேரடியாக வேலைக்கு எடுக்கத்தக்கவர்கள் என்று நாஸ்காம்-மெக்கின்சி அறிக்கை 2005இல் சொன்னது. அந்த எண்ணின் துல்லியம் எப்படியிருந்தாலும், அது வேலை கொடுப்பவர்களின் மனத்தில் பதிந்துவிட்டது. பட்டம் நம்பிக்கை தராதபோது பட்டத்தோடு வேறு எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

இப்படி நிபந்தனை உயர்வது தொழில்நுட்பத்துக்கு மட்டும் உரிய நோயல்ல. ரொனால்ட் டோர் என்ற சமூகவியலாளர் 1976இல் 'டிப்ளமா டிசீஸ்' என்ற நூலை எழுதியபோது, அவர் விரிவாக ஆராய்ந்த நாடுகளில் ஒன்று இலங்கை. படித்தவர்கள் வேலைகளைவிட வேகமாகப் பெருகினால், வேலை மாறாமலே அதற்குக் கேட்கும் சான்றிதழ் மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்று அவர் காட்டினார். நாற்பது ஆண்டு கழித்து, அமெரிக்க இணைய விளம்பரங்களைத் திரட்டி மொடஸ்டினோ, ஷோக், பாலன்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வும் அதே திசையில் போனது. வேலையின்மை கூடும்போது விளம்பரங்கள் கேட்கும் படிப்பும் அனுபவமும் கூடுகின்றன. வேலையின்மை குறைந்தால் அவையும் இறங்குகின்றன. விளம்பரத்தில் உள்ள எண் வேலையின் தேவையை மட்டும் சொல்வதில்லை. வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் அது சொல்கிறது.

ஆனால் ஒன்றரை ஆண்டு வயதுள்ள கருவியில் நான்காண்டு கேட்பதைக் கூட்டம் மட்டும் விளக்காது. அதற்கு விளம்பரம் எழுதப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஜே.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பணி விவரத்தை, பெரிய நிறுவனங்களில், அந்த வேலையைச் செய்யப்போகிறவரின் பக்கத்தில் உட்காருபவர் எழுதி முடிப்பதில்லை. அணித் தலைவர் ஒரு பட்டியல் தருகிறார். பெரும்பாலும் அது வேலையை விட்டுப் போனவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்பதன் பட்டியல். மேலாளர் தன் பங்குக்கு இரண்டு சேர்க்கிறார். மனிதவளத் துறை பழைய விளம்பரத்தின் வார்ப்பில் அதை ஊற்றுகிறது. பிறகு அது கன்சல்டன்சிகளுக்குப் போகிறது. அங்கே இருப்பவருக்குக் குபர்நெட்டிஸ் ஒரு சொல், 12 ஒரு எண். மொத்தத் தொழில் அனுபவம் 12 ஆண்டு, குபர்நெட்டிஸும் தெரிந்திருக்க வேண்டும் என்ற இரண்டு வரிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதற்கு இந்த வழியில் எந்த இடமும் போதும். ஒட்டியதைப் பிரிக்கத் தெரிந்த ஆள் வழியில் இல்லை.

சென்னை போன்ற சேவை நகரத்தில் இன்னொரு காரணம் இதைவிட வலுவானது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒரு பொறியாளரின் உழைப்பு மணிக்கணக்கில் விற்கப்படுகிறது. மணிக்கு எவ்வளவு என்பதை நிர்ணயிக்கும் விகித அட்டை பெரும்பாலும் அனுபவ ஆண்டுகளை வைத்தே போடப்படுகிறது. மூன்று ஆண்டுக்காரருக்கு ஒரு விலை, எட்டு ஆண்டுக்காரருக்கு ஒரு விலை. அங்கே ஆண்டு என்பது திறமையின் அளவு என்பதைவிடப் பில்லிங்கின் அலகு. கிளையன்ட்டின் கோரிக்கையில் '5 ஆண்டு' என்றிருந்தால், நான்கரை ஆண்டில் இரு மடங்கு கற்றவர் அந்த இடத்தில் அமர முடியாது. எட்டு ஆண்டு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவர் அமரலாம். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் பல நிபந்தனைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு விலைப்பட்டியல் நிற்கிறது. கருவியின் வயதை எட்டிப் பார்க்க அந்தப் பட்டியலுக்குக் காரணமே இல்லை.

மூன்றாவது, கொட்டும் விண்ணப்பங்கள். நௌக்ரி டாட் காம் 1997இல் தொடங்கியபின் விண்ணப்பிப்பதற்கான செலவு ஏறத்தாழ இல்லாமல் போயிற்று. நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை வெட்டி வைத்து, பயோடேட்டாவைத் தட்டச்சு செய்து, தபால் தலை ஒட்டிய காலத்தில் விண்ணப்பதாரரே தன்னை ஒருமுறை சலித்துக்கொண்டார். இப்போது சலிப்பது மென்பொருள். அதற்குத் தெரிவது சொற்பொருத்தமும் எண் வரம்பும்தான். ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் அக்சென்ச்சரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், உயர்திறன் வேலைகளுக்குத் தகுதியான விண்ணப்பதாரர்கள் விளம்பரத்தின் நிபந்தனையோடு அச்சொட்டாகப் பொருந்தாததால் தங்கள் சல்லடையில் கழிந்துபோகிறார்கள் என்று 88 விழுக்காடு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. சல்லடை சரியில்லை என்று சல்லடை வைத்திருப்பவரே சொல்லிக்கொண்டு அதையே பயன்படுத்துகிறார்.

யாரும் விண்ணப்பிக்கக் கூடாது என்பதற்காகவே எழுதப்படும் விளம்பரங்களும் உண்டு. இவற்றுக்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஜெமினி மேம்பாலத்தின் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று எச்-1பி விசா பெற்றுப் போன பொறியாளருக்கு, நிறுவனம் கிரீன் கார்டு வாங்கித் தர விரும்பினால், அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். 2005இல் நடைமுறைக்கு வந்த பெர்ம் விதிகளின்படி ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் இரண்டு விளம்பரங்கள் உட்படப் பல அறிவிப்புகள் கட்டாயம். ஆள் ஏற்கெனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். விளம்பரம் அவருடைய அளவுக்குத் தைக்கப்படுகிறது. முதுநிலைப் பட்டம், அல்லது இளநிலைப் பட்டத்தோடு 5 ஆண்டு அனுபவம் என்று அதில் இருப்பது பல நேரம் வேலையின் தேவையால் வந்ததில்லை. ஈபி-2 என்ற குடியேற்றப் பிரிவின் வரையறை அது. தகுதியான அமெரிக்கரைக் கண்டுபிடிக்காமல் இருப்பதே இலக்கு என்று பிட்ஸ்பர்க் நகர வழக்கறிஞர்கள் ஒரு கருத்தரங்கில் பேசிய காணொளி 2007இல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. இத்தகைய வேலைகளுக்குத் தன் வழக்கமான இணையதளத்தில் விளம்பரம் செய்யாமல், தபாலில் விண்ணப்பம் கேட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஃபேஸ்புக் 2021 அக்டோபரில் அமெரிக்க அரசோடு 1.425 கோடி டாலர் வரையிலான சமரசத்துக்கு வந்தது. ஏறத்தாழ இதே குற்றச்சாட்டில் ஆப்பிள் 2023 நவம்பரில் 2.5 கோடி டாலருக்கு உடன்பட்டது. அந்தப் பத்திரிகைப் பக்கத்தைப் படித்து விண்ணப்பித்த அமெரிக்கரும், இங்கே நான்காண்டு ஃபாஸ்ட்ஏபிஐ விளம்பரத்தைப் படித்த இளைஞரும் ஒரே மாதிரி ஏமாந்தவர்கள்.

அனுபவம் கேட்க முடியாத ஃபிரஷர்களுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு சல்லடை வைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு. அரியர் இருக்கக் கூடாது. சில விளம்பரங்களில் எப்போதுமே அரியர் வைத்திருக்கக் கூடாது. படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. குறிப்பிட்ட ஆண்டில் முடித்தவராக இருக்க வேண்டும். கருவியின் வயதை மீறும் நிபந்தனையைப்போல இது நகைப்புக்கு இடம் தருவதில்லை, அதனால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதுமில்லை. ஆனால் நிரல் எழுதும் வேலைக்கும் பதினைந்து வயதில் சமூக அறிவியல் தாளில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவை எந்த நிறுவனமும் விளக்கியதில்லை. தமிழ் வழியில் பத்தாவது வரை படித்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லாடி இரண்டு அரியர் வைத்து, மூன்றாம் ஆண்டில் தேறி வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி இங்கே கழிகிறார். சென்னையின் மென்பொருள் ஊழியர்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2007இல் எழுதிய கட்டுரை, இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே படித்த நடுத்தரக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்று காட்டுகிறது. மூன்று கட்ட 60 விழுக்காட்டு விதி அந்த நிலையைக் காப்பாற்றுவதற்கென்றே எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. எழுதப்பட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருக்கவும் மாட்டார்கள்.

தகுதி முழுக்கப் பொருந்தாவிட்டால் பெண்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள், ஆண்கள் 60 விழுக்காடு பொருந்தினாலே விண்ணப்பித்துவிடுவார்கள் என்ற கூற்று மேடைதோறும் கேட்கிறது. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் உள் அறிக்கை அதன் மூலம் என்பார்கள்; அந்த அறிக்கையின் தரவு பொதுவெளியில் இல்லை. 2014இல் டாரா மோர் என்ற எழுத்தாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதில் கூடுதல் பயனுள்ளது. ஆண்களும் பெண்களும் ஒரே காரணத்தைத்தான் அதிகம் சொன்னார்கள்: நிபந்தனை பொருந்தவில்லை, எடுக்க மாட்டார்கள், எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும். விளம்பரத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள் அவர்கள். உள்ளே ஆளைத் தெரிந்தவருக்கு அந்த 4 ஆண்டு சும்மா போட்டது என்பது தெரியும். தெரியாதவர் விலகிப் போகிறார். எழுதி வைத்த நிபந்தனைக்கு இருந்த ஒரே நியாயமும் இங்கே போய்விடுகிறது.

விலகிப் போகாதவர்களில் சிலர் அந்த ஆண்டுகளை விலைக்கு வாங்குகிறார்கள். இல்லாத நிறுவனத்தின் பெயரில் அனுபவக் கடிதம், சம்பளச் சீட்டு, விசாரித்தால் தொலைபேசியில் ஆம் என்று சொல்ல ஓர் ஆள் என்று இது ஒரு தொழிலாகவே சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மூன்று நகரங்களிலும் நடக்கிறது. இதைத் தடுக்க நாஸ்காம் 2006இலேயே தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கியது. பின்னணிச் சரிபார்ப்பு தனி வணிகமாக வளர்ந்தது. ஆனாலும் 2022 நவம்பரில், போலி ஆவணங்களும் அனுபவக் கடிதங்களும் கொடுத்துச் சேர்ந்தவர்களை இந்தியாவில் பணிநீக்கம் செய்ததாக அக்சென்ச்சர் அறிவித்தது. போலிக் கடிதம் குற்றம்தான். இருந்தாலும், மெய்யாக யாரிடமும் இருக்க முடியாத அனுபவத்தைக் கேட்கும் விளம்பரம் பொய் சொல்பவரை மட்டுமே உள்ளே விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்ன ராமிரெஸ் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மாற்று வழி இதே நகரத்தில் இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு சிறிய அளவில் தொடங்கிய பள்ளி, பிளஸ் டூ அல்லது டிப்ளமா முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. எச்.சி.எல். தன் டெக்பீ திட்டத்தின் மூலம் 2017 முதல் பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்க்கிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' கல்லூரி மாணவர்களுக்கு வேலைக்கேற்ற பயிற்சி தருகிறது. ஆனால் அது மாணவரைத் திருத்துகிறதே ஒழிய விளம்பரத்தைத் திருத்துவதில்லை. ஜோஹோ செய்தது 1994இல் கோடம்பாக்கத்துத் தொகுப்பு அறை செய்ததற்கு நெருக்கமானது: ஆளைப் பார்த்து எடு, கருவியைப் பிறகு கற்றுக்கொடு. அதற்குக் காலமும் பணமும் செலவாகும். அடுத்தவர் செலவில் பழகிய ஆளைக் கேட்பது மலிவு. அதனால்தான் விளம்பரங்கள் மாறவில்லை.

தனியார் விளம்பரங்களில் சட்டமும் தலையிடுவதில்லை. அரசு வேலையில் அறிவிக்கையில் சொன்ன தகுதி இரு தரப்பையும் கட்டும். தேர்வு தொடங்கியபின் விதிகளை இடையில் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. கேட்ட தகுதிக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று அங்கே வழக்குப் போடலாம். தனியார் துறைக்கு இருந்தது 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகங்கள் சட்டம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. அந்த இடத்துக்கு எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை.